செவலையை ஜெர்மனிக்குக் கூட்டிப் போக வேண்டும்: காட்பாடியிலிருந்து எங்கே தொடங்குவது?

காட்பாடி மகள் | அக்டோபர் 9

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு நாய் பெயர் செவலை. நாட்டு நாய், பெண், நான்கு வயது, 17 கிலோ. காந்தி நகர் பக்கம் மழைநீர்க் கால்வாயில் குட்டியாகக் கிடந்ததை என் மகள் பாவாடையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். கணவர் ஆறு மாதமாக ஸ்டுட்கார்ட்டில் வேலையில் இருக்கிறார். நானும் மகளும் ஜனவரி 6 அன்று கிளம்புகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. செவலையும் வர வேண்டும்.

ரேபிஸ் தடுப்பூசி ஜூலையில் போட்டது, அட்டை இருக்கிறது. தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள எண் சில்லு, அந்த மைக்ரோசிப், இன்னும் போடவில்லை. வழக்கமாகப் போகும் இடத்தில் கேட்டால், "ஊசி ஒரு வருஷம் செல்லும், சிப்பைக் கிளம்புவதற்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார்கள். ஒரு ஏஜெண்ட் மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். இரண்டுமே எனக்கு இடிக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை | அக்டோபர் 9

அம்மா, முதலில் அந்த ஏஜெண்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மூன்று வாரத்தில் ஒரு நாயை முறைப்படி கொண்டுபோக வழியே இல்லை. குறைந்தது நான்கு மாதம் பிடிக்கும்.

ரேபிஸ் விஷயத்தில் அவர்கள் ஒரு நாடுகள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். இந்தியா அதில் இல்லை. பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து வரும் நாய்க்கு ஊசி போட்ட அட்டை மட்டும் போதாது. அந்த ஊசி உடம்பில் வேலை செய்திருக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையில் காட்ட வேண்டும். இதைத்தான் டைட்டர் என்பார்கள். ஒரு மில்லி சீரத்தில் 0.5 யூனிட்டாவது எதிர்ப்பொருள் இருக்க வேண்டும்.

வரிசை இப்படி. முதலில் சிப். அதுவும் 15 இலக்கம் உள்ள, ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில் உள்ள சிப். சிப் போட்ட பிறகுதான் ரேபிஸ் ஊசி. ஒரே நாளில் போடலாம், ஆனால் சிப் முந்த வேண்டும். ஊசி போட்டு 30 நாளாவது போன பிறகு ரத்தம் எடுக்க வேண்டும். அந்தச் சீரம் ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும், வேறு ஆய்வகத்தின் முடிவு செல்லாது. ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் நாய் உள்ளே நுழையலாம். முடிவு வந்த தேதியிலிருந்து இல்லை, எடுத்த தேதியிலிருந்து.

உங்கள் ஜூலை ஊசி சிப்புக்கு முந்தியது. ஆகவே இந்தக் கணக்கில் அது போடாத மாதிரிதான். இந்த நாய்க்குத்தான் அந்த ஊசி போட்டது என்று காட்ட அன்றைக்கு ஓர் எண் இல்லை அல்லவா, அதுதான் காரணம்.

இது நாங்கள் பட்டு அறிந்தது. எங்கள் வீரா சிப்பிப்பாறைக் கலப்பு. ஊசி போட்டு ஒன்பது நாள் கழித்து சிப் போட்டார்கள். போட்டவர்களும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. டைட்டர் முடிவு வந்து, பெட்டி கட்டி, சென்னையில் காகிதங்களை நீட்டும்போதுதான் அந்த அதிகாரி இரண்டு தேதியின் மேலும் விரலை வைத்து என்னைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து. வீராவை ஆற்காட்டில் மச்சான் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் ஏறினோம். ஐந்து மாதம். ஒவ்வொரு ஞாயிறும் போனில் என் குரல் கேட்டுக் கதவுக்கு ஓடி நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காட்பாடி மகள் | அக்டோபர் 9

அண்ணா, படித்ததும் கை கால் ஓடவில்லை. நாளைக்கே சிப் போட்டாலும் பிப்ரவரி நடுவில்தான் முடியும் போலிருக்கிறதே. மகளுக்கு ஜனவரியில் பள்ளி, தள்ள முடியாது.

ராணிப்பேட்டை கால்நடை | அக்டோபர் 10

கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாலாற்றங்கரை சொன்னது சரி. மூன்று மாதத்துக்குள் மறுபடி ரேபிஸ் ஊசியா என்று பயப்பட வேண்டாம், ஆரோக்கியமான நாய்க்கு அதில் கெடுதல் இல்லை. நான்கு வருடமாக விடாமல் போட்டு வந்த நாய் என்றால் டைட்டரும் பெரும்பாலும் நன்றாகவே வரும். ஆனால் ரத்தம் எடுப்பதை மிகவும் தள்ளிப் போடாதீர்கள், நாளாக ஆக அந்த அளவு இறங்கும்.

அட்டையில் ஊசி மருந்தின் பெயர், தயாரித்த கம்பெனி, பேட்ச் எண், போட்ட தேதி, எந்தத் தேதி வரை செல்லும் என்பது, டாக்டர் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். செப்டம்பர் 28 ரேபிஸ் தினத்துக்கு நடக்கும் இலவச முகாமில் பலர் போட்டுக்கொள்கிறார்கள், நல்லதுதான். ஆனால் முகாமில் வெறும் சீட்டு மட்டும் வாங்கி வந்தால் பயணத்துக்கு உதவாது. மருந்துக் குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ராணிப்பேட்டையில் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932லிருந்து இருக்கிறதே, டைட்டரை அங்கே பார்த்துவிடலாமே என்று என்னிடமே நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். அது ஆடு, மாடு, கோழிகளுக்கான தடுப்பு மருந்து தயாரிக்கும் இடம். உங்கள் வேலை அங்கே நடக்காது, வீணாக அலையாதீர்கள்.

தொரப்பாடி | அக்டோபர் 10

தவறாக எடுத்துக்கொள்ளாதே அம்மா. வேலூர் வெயிலில் வளர்ந்த நாட்டு நாய். பனியில் கொண்டுபோய் அடுக்குமாடி வீட்டில் அடைக்க வேண்டுமா? உன் அம்மாவிடமே விட்டுவிட்டுப் போகலாமே. இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருக்கும்.

கோட்டை அகழி | அக்டோபர் 10

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நான் அப்படி விட்டுப் போனவள். பக்கத்து வீட்டில் ஒப்படைத்து, மாதாமாதம் சாப்பாட்டுக்குப் பணமும் அனுப்பினேன். எட்டாவது மாதம் அவர்கள் வீடு மாறினார்கள். நான் வந்து பார்த்தபோது அது பழைய பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கிடந்தது. என்னை அடையாளம் கண்டு வாலை ஆட்டியது, எழுந்திருக்க முடியவில்லை. உள்ளே உண்ணிக் காய்ச்சல் முற்றிவிட்டது. பதினொரு நாள்தான் இருந்தது. முடிகிறவர்கள் கூட்டிப் போகட்டும் ஐயா.

தொரப்பாடி | அக்டோபர் 10

மனசு கஷ்டமாக இருக்கிறது அம்மா. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

காட்பாடி மகள் | அக்டோபர் 10

ஐயா, நீங்கள் கேட்டது எங்கள் வீட்டிலும் எழுந்த கேள்விதான். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. இரண்டு மூன்று மாதம் என்றால் தம்பி துணையோடு பார்த்துக்கொள்வார்கள், வருடக்கணக்கில் முடியாது. போன வருடம் நான் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுத்திருந்தபோது செவலை சோற்றைத் தொடவே இல்லை.

இப்போது ஒரு யோசனை. மார்ச்சில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குக் கணவர் வருகிறார். அவர் திரும்பும்போது செவலையைக் கூட்டிப் போக முடியுமா? நான் முன்னாலேயே போய்விட்டால் சிக்கல் வருமா?

பாலாற்றங்கரை | அக்டோபர் 11

அருமையான யோசனை. ஐந்து நாள் விதி என்று ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் இடையில் ஐந்து நாளுக்கு மேல் போனால் அது வீட்டுப் பிராணி என்ற கணக்கில் வராது, வியாபாரச் சரக்கு என்ற கணக்குக்குப் போய்விடும், அதற்கு வேறு விதிகள். ஆகவே உங்கள் பெயரில் காகிதம் போட்டு, நீங்கள் ஜனவரியிலும் நாய் மார்ச்சிலும் போனால் இடிக்கும். ஆரம்பத்திலிருந்தே சொந்தக்காரர் என்று கணவர் பெயரைப் போடுங்கள். சிப் பதிவு, ஊசி அட்டை, டைட்டர் படிவம், எல்லாவற்றிலும் அவர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே, இனிஷியல் உட்பட. ஒரே விமானத்தில் போனால் கேள்வியே இல்லை.

இனம் என்ற இடத்தில் "கலப்பினம்" என்று எழுதச் சொல்லுங்கள், அதையே எல்லாக் காகிதத்திலும் எழுதுங்கள். நம் தெரு நாய்களுக்கு ஆங்கிலத்தில் புழங்கும் பழைய பெயர் நம் ஊர்ச் சாதிப் பெயர் ஒன்றிலிருந்து எடுத்தது, அதை நாம் எழுத வேண்டியதில்லை. பிட்புல், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகியவற்றையும் அவற்றின் கலப்பையும் ஜெர்மனி உள்ளே விடாது. பார்க்க அப்படி இருக்கிறது என்று யாராவது போகிற போக்கில் அட்டையில் எழுதி வைத்தால் வம்பு.

காட்பாடி மகள் | அக்டோபர் 13

இன்று காலை சிப், பிறகு ஊசி. போடுவதற்கு முன் ஸ்கேனரில் அந்தச் சிப்பைப் படித்து, போட்ட பின் மறுபடி கழுத்தில் படித்துப் பார்த்தோம். பதினைந்து எண்ணையும் நான் சொல்லச் சொல்ல மகள் நோட்டில் எழுதினாள். அட்டையில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 0 போட்டிருந்தார்கள், அங்கேயே மாற்றி வாங்கிவிட்டேன். நவம்பர் 14க்கு ரத்தம் எடுக்க நாள் குறித்தாயிற்று.

அடுத்தது கூண்டு. எந்த அளவு வாங்குவது?

பாலாற்றங்கரை | அக்டோபர் 14

அளவு எடுக்கத் தையல்காரர் டேப் போதும். செவலையைச் சுவர் ஓரமாக நிற்க வையுங்கள், தலை தூக்கி இயல்பாக நிற்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு அளவு. தரையிலிருந்து முன்காலின் முழங்கை மூட்டு வரை ஒரு அளவு. தோள்பட்டையின் அகலம் ஒன்று. தரையிலிருந்து தலை உச்சி வரை, காது விறைத்து நிற்கும் நாய் என்றால் காது நுனி வரை, ஒன்று. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தை இரண்டால் பெருக்கினால் கூண்டின் அகலம். நான்காவது அளவோடு விரிப்பின் தடிமனைச் சேர்த்தால் உயரம். இது ஐயாட்டா, அதாவது உலக விமானக் கம்பெனிகளின் சங்கம், வைத்திருக்கும் விதி. இதற்கு ஒரு விரல் குறைந்தாலும் கவுன்ட்டரில் ஏற்ற மாட்டார்கள். நிற்க, உட்கார, திரும்ப, காலை நீட்டிப் படுக்க முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். கதவுப் பூட்டு உறுதியாக இருக்கட்டும். மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் பிளாஸ்டிக் கிளிப்பால் மட்டும் மாட்டும் கூண்டு வேண்டாம், இரும்பு போல்ட் நட்டு போட்டு முடுக்குவதாக இருக்கட்டும். நான்கு பக்கமும் காற்று போக வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் கதவில் மாட்டியிருக்க வேண்டும், கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து ஊற்ற முடிய வேண்டும்.

காட்பாடி மகள் | அக்டோபர் 14

அளந்துவிட்டோம் அண்ணா. 72, 30, 19, 60 சென்டிமீட்டர். அப்படியென்றால் நீளம் 87, அகலம் 38, உயரம் 60க்கு மேல் விரிப்பு. கடையில் இருப்பதில் இதற்கு அடுத்த பெரிய அளவு வாங்கட்டுமா?

பாலாற்றங்கரை | அக்டோபர் 14

வாங்குங்கள். இன்றைக்கே வாங்குங்கள் என்பதுதான் முக்கியம். காகிதத்தை யாரும் ஓடியாடி முடித்துவிடலாம். கூண்டுக்குள் பத்து மணி நேரம் இருட்டில், இரைச்சலில், நாம் இல்லாமல் இருக்கப் போவது அந்த ஜீவன். கூண்டு அதற்கு அதனுடைய இடம் என்று ஆகிவிட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

முதல் இரண்டு வாரம் கதவையே கழற்றிவிடுங்கள். கூடத்தில் அது வழக்கமாகப் படுக்கும் மூலையில் கூண்டை வையுங்கள். உள்ளே தள்ளாதீர்கள், கூப்பிடாதீர்கள். சாப்பாட்டுத் தட்டைக் கூண்டு வாசலில் வைத்து, நாளுக்கு நாள் ஒரு சாண் உள்ளே நகர்த்துங்கள். தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்த பிறகு கதவை மாட்டுங்கள். சாப்பிடும் நேரம் மட்டும் மூடி, முடித்தவுடன் திறங்கள். அப்புறம் ஐந்து நிமிடம், அரை மணி, ஒரு இரவு. குரைக்கும்போது திறக்காதீர்கள், அடங்கி ஒரு நிமிடமாவது ஆன பிறகு திறங்கள். தண்டனையாக ஒரு முறைகூட அதில் அடைக்கக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

வீராவுக்குச் சத்தம் பழக, காட்பாடி ஜங்ஷனுக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் குட்டியானை வண்டியில் கூண்டோடு வைத்துக்கொண்டு மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். எக்ஸ்பிரஸ் கடக்கும்போது முதல் நாள் நடுங்கினான். நான்காவது நாள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

பாகாயம் | அக்டோபர் 15

தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால் இவ்வளவு கஷ்டம் வேண்டாமே? என் நண்பர் ரயிலில் கொண்டு போனபோது கொடுத்தாராம்.

ராணிப்பேட்டை கால்நடை | அக்டோபர் 15

தயவுசெய்து வேண்டாம். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தை இறக்கும், உடம்பு தன் சூட்டைச் சமாளிக்கும் சக்தியைக் குறைக்கும். வண்டி ஆடும்போது நாய் கால் ஊன்றி நிற்க முடியாமல் போகும், வாந்தி எடுத்தால் மூச்சில் ஏறும். ரயிலில் நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள். விமானத்தின் அடிப்பகுதியில் யார் போய்ப் பார்ப்பது? ஐயாட்டாவே வேண்டாம் என்கிறது, மருந்து கொடுத்த நாய் என்று தெரிந்தால் ஏற்றவே மறுப்பார்கள். பக், பாக்ஸர், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. அவற்றைப் பல விமானக் கம்பெனிகள் அடிப்பகுதியில் ஏற்றுவதே இல்லை.

ஆம்பூர்த் தம்பி | அக்டோபர் 17

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு அமெரிக்கா. அதே விதிதானா?

பாலாற்றங்கரை | அக்டோபர் 17

இல்லை தம்பி. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் விதியை மாற்றிவிட்டது. நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், சிப் வேண்டும், அவர்களுடைய நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் இணையப் படிவம் வேண்டும். நாய் ரேபிஸ் அதிகம் உள்ள நாடு என்று இந்தியாவை வைத்திருப்பதால், டாக்டரும் அரசு அதிகாரியும் கையெழுத்திடும் தடுப்பூசிப் படிவம், சிடிசி ஒப்புக்கொண்ட ஆய்வகத்தின் டைட்டர், இறங்கும் ஊரில் அவர்கள் பதிவு செய்த விலங்குப் பராமரிப்பு மையத்தில் முன்பதிவு எல்லாம் உண்டு. அந்த மையம் இருக்கும் விமான நிலையத்தில் மட்டும்தான் இறங்கலாம், ஆகவே டிக்கெட் போடும் முன் அதைப் பாருங்கள். டைட்டர் இல்லாவிட்டால் 28 நாள் தனிமை. விவரமாகத் தனி இழை தொடங்குங்கள், எழுதுகிறேன்.

காட்பாடி மகள் | டிசம்பர் 20

டைட்டர் முடிவு வந்துவிட்டது. தேவையான அளவைவிட நன்றாகவே இருக்கிறது. பிப்ரவரி 14க்குப் பிறகு எந்த நாளும் போகலாம்.

கூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கிளம்பப் போகிறேன் என்பதால் பழக்கும் வேலையை அம்மாவே எடுத்துக்கொண்டார்கள். முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, தயிர்சாதம் பிசைந்து உள்ளே தட்டை நகர்த்துவார்கள். விரிப்புக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை நாலாக மடித்துப் போட்டிருக்கிறோம். போன வாரம் மதியம் வீடு முழுக்கத் தேடினோம். கூண்டுக்குள் மோவாயைக் கதவு ஓரத்தில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

ராணிப்பேட்டை கால்நடை | டிசம்பர் 21

மிகவும் சந்தோஷம் அம்மா. இந்த அக்டோபர் ஊசி காலாவதியாகும் முன் அடுத்ததைப் போட்டுவிடுங்கள். இடைவெளி விடாமல் போட்டு வந்தால் இந்த டைட்டர் இனி எப்போதும் செல்லும். ஒரு நாள் தவறினாலும் ரத்தப் பரிசோதனை மறுபடி முதலிலிருந்து.

பாலாற்றங்கரை | மார்ச் 2

நாள் நெருங்குகிறது. சென்னையில் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல், சான்றளிப்பு நிலையம் இருக்கிறது, ஏ.க்யூ.சி.எஸ். என்பார்கள். ஐரோப்பிய ஹெல்த் சர்டிபிகேட்டில் கையெழுத்திடுவது அவர்கள்தான். நாயை நேரில் கொண்டு போக வேண்டும். கையெழுத்தான நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஐரோப்பாவில் நுழைந்துவிட வேண்டும், அதனால் ரொம்ப முன்னாலும் போகக் கூடாது, கடைசி நாளுக்கும் வைக்கக் கூடாது. இங்கிருந்து 140 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்புங்கள், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நெரிசலில் மாட்டினால் வண்டிக்குள் வெந்துவிடும். விமானமும் இரவு நேரமாக இருப்பது நல்லது.

கிண்ணத்தில் முந்தின இரவே தண்ணீர் ஊற்றி உறைய வையுங்கள். ஏற்றும்போது சிந்தாது, போகப் போக உருகும். பாதுகாப்புச் சோதனையில் கூண்டை மட்டும் எக்ஸ்ரேயில் விடுவார்கள், நாயை வெளியே எடுக்கச் சொல்வார்கள். கழுத்துப் பட்டையும் கயிறும் உங்கள் கணவர் கையிலேயே இருக்கட்டும். மூலைகளில் கேபிள் டை கட்டச் சொல்வார்கள், அதை வெட்டித்தான் திறப்பார்கள், ஆகவே கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி மகள் | மார்ச் 19

வந்துவிட்டது. சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு நேர் விமானம். இவர் ஏறி உட்கார்ந்ததும் செவலை ஏறிவிட்டதா என்று பணிப்பெண்ணிடம் கேட்டிருக்கிறார், விசாரித்து வந்து "இருக்கிறது, அமைதியாக இருக்கிறது" என்று சொன்னார்களாம். பிராங்க்பர்ட்டில் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்க் காகிதங்களைக் கொடுத்திருக்கிறார். கழுத்தில் ஸ்கேனரை வைத்து எண்ணைப் பார்த்தார்கள், ஒவ்வொரு இலக்கமாக. பொருந்தியது. பத்து நிமிடம்தான்.

நானும் மகளும் வெளியே நின்றோம். கூண்டைத் தள்ளிக்கொண்டு வரும்போதே மூக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டி முகர்ந்துகொண்டே வந்தது. மகள் குரல் கேட்டதும் ஒரு ஓலம், நான் இதுவரை அதனிடம் கேட்டதே இல்லை. திறந்ததும் முதலில் தண்ணீர் குடித்தது, அப்புறம்தான் எங்களிடம் வந்தது. சேலையில் ஒரு சொட்டு சிறுநீர் இல்லை, வெளியே வந்து முதல் மரத்தடியில் ஒரு நிமிடம் நின்றுகொண்டே இருந்தது பாவம். இங்கே காலையில் குளிர் மூன்று டிகிரி. கோட்டு போட்டுவிட்டால் நன்றாக நடக்கிறது. நகராட்சியில் பதிந்து நாய் வரி கட்ட வேண்டும், திங்கட்கிழமை போகிறோம்.

கூண்டின் கதவைக் கழற்றிவிட்டோம். இன்னும் அதில்தான் தூங்குகிறது. அம்மா தினமும் இரவு வீடியோவில் அதைக் காட்டச் சொல்கிறார்கள்.

கோட்டை அகழி | மார்ச் 19

படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன் தங்கச்சி. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

பாகாயம் | மார்ச் 20

ரொம்ப மகிழ்ச்சி அக்கா. எங்கள் வீட்டில் இப்போதுதான் கூண்டு வாங்கியிருக்கிறோம், கதவு கழற்றித்தான் வைத்திருக்கிறோம். ஒன்றே ஒன்று: கேபிள் டை எத்தனை தேவைப்பட்டது?

காட்பாடி மகள் | மார்ச் 20

பன்னிரண்டு எடுத்துப் போனார், எட்டு செலவானது தம்பி. வெட்ட கத்தரிக்கோல் எடுத்துப் போகாதே, பாதுகாப்பில் வாங்கிவிடுவார்கள். அவர்களிடமே கட்டர் இருக்கிறது.